செல்லாக் காசுக்கு ஓர் ஏலம்

ஏலம் என்பது நம் தாய்மார்களுக்குப் புதிய சங்கதியல்ல. விடியற்காலையில் வாவிக் கரையில் மீனைக் கூறு கூறாகப் போட்டு விலை கூறுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பள்ளிவாசலுக்கு நேர்ந்து கொடுத்த கோழியும் தேங்காயும் ஜும்ஆவுக்குப் பின் ஏலம் போவதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் கடையில் கொடுத்தால் எவரும் வாங்காத செல்லாக் காசை ஏலம் போட்டு, அதைப் பிடிக்க மனிதர்கள் போட்டி போடுகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? கொழும்பில் அப்படியொரு ஏலத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் வரை நானும் நம்பவில்லை.

நான் பழைய நாணயம் சேர்ப்பவனல்லன். ஏறாவூரில் பிள்ளைகளுக்கு இஸ்லாமும் அரபும் கற்பிக்கும் ஒரு மௌலவி ஆசிரியன். என்னை அந்த ஏலத்துக்கு அழைத்துச் சென்றது ஒரு பிஸ்கட் டின்.

மாமியின் டின்

எங்கள் தெருவில் வயது முதிர்ந்த மாமி ஒருவர் இருக்கிறார். கணவர் மௌத்தாகி விட்டார். மகளுடனும் பேரப் பிள்ளைகளுடனும் ஓர் ஓட்டு வீட்டில் வாழ்கிறார். ஓடுகள் உடைந்து, மரங்கள் உக்கி, சென்ற மாரியில் வீட்டுக்குள் சட்டியும் பானையும் வைத்து மழைநீர் ஏந்தினார்கள். அடுத்த மாரிக்கு முன் கூரையை மாற்றியாக வேண்டும்.

ஒரு நாள் அஸருக்குப் பின் என்னை அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றை என் முன் வைத்துத் திறந்தார். உள்ளே கறுத்துப் போன செம்புக் காசுகள், நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"மகன், இதெல்லாம் சல்லியாகுமா?" என்று கேட்டார்.

அது அவருடைய உம்மாவின் டின். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அன்று நான் சிறுவன். உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடிய அந்த நேரத்தில் மாமியின் உம்மா கையில் அகப்பட்டதை எடுத்துக் கொண்டு ஓடினாராம். அகப்பட்டது இந்த டின். உள்ளே இருப்பது என்னவென்று பார்க்கவும் நேரமில்லை.

மாமி என்னை அழைத்த காரணம் வேறு. வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து போயிருந்தார். கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினாராம். அதில் ஒரு செம்புக் காசு அரிசி மணிகளைத் தன் பக்கம் இழுக்கிறது. மாமியின் டின்னிலும் அப்படிப்பட்ட கும்பெனிக் காசு ஒன்று இருக்கிறது, அது பல இலட்சம் பெறும், ஆனால் முதலில் இயந்திரத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும், அதற்கு ஐம்பதாயிரம் ரூபா கட்ட வேண்டும் என்றாராம். மாமி கைவளையலை விற்கத் தயாராகி விட்டார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவரைத் தடுத்தது. காசுக்குக் காசு விற்பது ஹலாலா, ஹராமா? அதைக் கேட்கவே என்னை அழைத்திருந்தார்.

அந்தக் கேள்வி அவருடைய வளையலைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ்! அரிசி இழுக்கும் காசு என்பது தமிழ்நாட்டில் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய மோசடி. அங்கே பொலிசார் பல தடவை கூட்டம் கூட்டமாக ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். செம்பு அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளைப் பூசி, காந்தத்தை மறைத்து வைத்துக் காட்டும் கண்கட்டு வித்தை அது.

"ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் மாமி. விடுமுறையில் நான் கொழும்புக்குப் போகிறேன். தெரிந்தவர்களிடம் காட்டி வருகிறேன்" என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். "அழுக்காக இருக்கிறது, கொஞ்சம் சுத்தமாக்கி வையுங்கள்" என்றும் சொல்லி விட்டேன். அந்த ஒரு வார்த்தையின் விலையை ஏலத்தில்தான் அறிந்து கொண்டேன்.

புறப்படும் முன் இன்னொன்றும் கேட்டேன். டின் உம்மாவுடையது என்றால் அது மீராஸ் சொத்து. வாரிசு வேறு யாரும் உண்டா? காத்தான்குடியில் ஒரு தங்கை இருந்தார். அவரும் பொருந்திக் கொண்டார். அதன் பிறகே டின்னைக் கையில் எடுத்தேன்.

டின்னுக்குள் நானூறு வருடம்

இரவு ரயிலில் ஏறாவூர் நிலையத்தில் ஏறி விடிய கொழும்புக் கோட்டையில் இறங்கினேன். அங்கு தொழில் செய்யும் என் முன்னாள் மாணவர் ஒருவர், நாணயம் சேர்ப்பவர்களிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஏலத்தில் நமது காசுகளுக்கும் இடம் கேட்டிருந்தார். அதற்கு முன் சதாம் வீதியில் உள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கு என்னை அழைத்துச் சென்றார். இலங்கையில் புழங்கிய காசுகளை வரிசையாக அங்கே வைத்திருக்கிறார்கள்.

பொலன்னறுவை அரசர்களின் செம்புக் காசுகளைப் பற்றி அங்கேதான் தெரிந்து கொண்டேன். நம் சகோதரிகள் கேட்டால் வியப்பார்கள்: அவற்றுள் ஒரு பெண்ணின் பெயர் பொறித்த காசும் உண்டு! லீலாவதி என்ற அரசி 1197 தொடக்கம் 1212 வரையுள்ள காலத்தில் மூன்று தடவை ஆட்சிக்கு வந்தவர். அவர் பெயரை நாகரி எழுத்தில் அடித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் செம்புக் காசில் நந்தியும், அதன் கீழ் "சேது" என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கும்.

மாமியின் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது அவையும் பேசத் தொடங்கின. சிலவற்றில் ஓ, வி, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அது 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனியின் முத்திரை. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் பிடித்தவர்கள் அவர்கள்தான். இந்தக் காசுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் டொய்ட். அதுதான் நம் வாயில் "துட்டு" ஆனது. நாம் பணத்தை எல்லாம் "சல்லி" என்கிறோமே, அதுவும் ஆதியில் ஒரு சிறு செம்புக் காசின் பெயர்தான். ஆக, இந்தச் செம்பு நம் கையை விட்டுப் போய் நெடுங்காலமாகியும் வாயை விட்டுப் போகவில்லை.

இன்னும் சிலவற்றில் நெடிய ஒற்றை மரம். அவை வெள்ளைக்காரர் காலத்துச் சதங்கள். இலங்கையில் ரூபாவை நூறு சதமாக்கிய கணக்கு 1872இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கென அடித்த செம்புச் சதங்களில் 1870 என்ற ஆண்டு முதலே காணலாம். வெளியூர்க்காரர் இலட்சம் பெறும் என்று சொன்ன கும்பெனிக் காசும் இருந்தது. 1835ஆம் ஆண்டு இங்கிலீஷ் கும்பெனி இந்தியாவுக்கென அடித்த கால் அணா.

கடைசியாக, தடித்துக் கரடுமுரடான ஒரு காசு. ஒரு பக்கம் யானை. மறு பக்கம் 12 என்ற இலக்கமும், சுற்றி இலங்கை அரசாங்கம் என்ற ஆங்கில எழுத்தும். இங்கிலீஷ்காரர் இந்நாட்டைப் பிடித்த புதிதில், 1801 முதல், கொழும்பிலேயே அடித்த காசு. ஒரு இறைசாலில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதே அந்த இலக்கத்தின் பொருள். இறைசால் என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கணக்கு. நாற்பத்தெட்டுத் துணுக்கு ஓர் இறைசால் என்று வைத்துக் கொண்டால், இந்தக் காசு நாலு துணுக்குப் பெறும்.

என் மாணவர் யானைக் காசைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தார். மறு கணமே வாடியது. "ஹஸ்ரத், இதை யார் துலக்கியது?" என்றார்.

புளியும் சாம்பலும்

மாமி என் சொல்லை அப்படியே நிறைவேற்றியிருந்தார். செம்புக் குடத்தைத் துலக்குவது போல, பழப்புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, எல்லாக் காசையும் பளபளவென்று ஆக்கியிருந்தார். புதுச் செம்பு போல அவை இளஞ்சிவப்பாக மின்னின. எனக்கு அது அழகாகவே தெரிந்தது.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. செம்பு காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு, வருடக் கணக்கில் தன் மேல் ஒரு மெல்லிய தோலை வளர்க்கிறது. அந்தக் கபில நிறத் தோல்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. காசு உண்மையானது என்பதற்கும் அது சாட்சி. புளியின் அமிலம் அந்தத் தோலைக் கரைத்து விடும். சாம்பல் எழுத்தின் மேல் நுண்ணிய கீறல்களைப் போடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு பார்வையில் தெரிந்து விடும். உரித்த தோல் திரும்ப வராது.

அப்போது அங்கிருந்த ஒருவர் காதோடு காதாக ஒரு வழி சொன்னார். கந்தகம் சேர்ந்த ஒரு மருந்தைத் தடவினால் ஒரே இரவில் காசு பழையபடி கறுத்து விடும், எல்லோராலும் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், என் மனம் கொஞ்சம் ஆடியது. விதவையின் பொருள். கெட்டது என் வார்த்தையால். வாங்குபவர்களோ வசதியுள்ளவர்கள். அவர்களுக்கு ஒரு யானைக் காசு குறைந்தால் கூரை ஒழுகப் போவதில்லை. ஷைத்தான் எப்போதும் நல்ல காரணத்தோடுதான் வருகிறான்!

அந்த நேரத்தில் மதீனாச் சந்தையில் நடந்த சம்பவம் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நான் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்த ஹதீஸ் அது! துலக்கிய காசின் மேல் கறுப்பைத் தடவுவது, நனைந்த தானியத்தின் மேல் காய்ந்ததைப் பரப்புவதல்லாமல் வேறென்ன?

இன்னொரு சொல்லும் உறுத்தியது. அரபியில் செம்புக் காசுக்கு "ஃபல்ஸ்" என்று பெயர், பன்மையில் "ஃபுலூஸ்". ரோமர்களின் காசுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77இல் கலிமா பொறித்த தங்கத் தீனார்களை அடித்த காலத்தில், சில்லறைக்குச் செம்பு ஃபுலூஸும் புழங்கியது. தீனாரும் திர்ஹமும் போய், கையில் ஃபுலூஸ் மட்டும் மிஞ்சியவனே "முஃப்லிஸ்", அதாவது வங்குரோத்துக்காரன். மறுமையின் முஃப்லிஸ் யார் என்றும் நபிகளார் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறர் பொருளைத் தின்ற காரணத்தால் எல்லா நன்மையையும் அவர்களிடம் இழந்து நிற்பவன். ஒரு செம்புக் காசுக்காக நான் முஃப்லிஸ் ஆவதா?

காசுகளை ஏற்றுக் கொண்டவரிடம் அத்தனையும் புளி போட்டுத் துலக்கியவை என்று நானே சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்து விட்டு, பட்டியலில் "துலக்கப்பட்டது" என்று எழுதிக் கொண்டார்.

ஒருதரம், இரண்டுதரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். முதல் ஒரு மணித்தியாலம் ஏலம் இல்லை. பொருளைப் பார்ப்பதற்கு மட்டும். பூதக்கண்ணாடியும் சிறு தராசும் கொண்டு வந்திருந்தார்கள். காசின் முகத்தில் எவரும் விரல் வைக்கவில்லை. விளிம்பை மட்டும் பிடித்துப் பார்த்தார்கள். நம் பெண்கள் புதுப் பட்டுச் சேலையைத் தொடும் பக்குவம்!

பிறகு ஏலம். ஒவ்வொருவர் கையிலும் இலக்கம் எழுதிய அட்டை. கூறுபவர் ஆரம்ப விலையைச் சொல்வார். அட்டைகள் உயரும். மூன்று தடவை கூறிச் சிறு சுத்தியலால் மேசையில் தட்டினால் முடிந்தது.

நம் கையிலிருந்த கணக்கெல்லாம் அங்கே தலைகீழானது. இலட்சம் பெறும் என்று சொல்லப்பட்ட 1835ஆம் ஆண்டுக் கால் அணாதான் எல்லாவற்றிலும் மலிவாகப் போனது. காரணம் எளிது. அது ஏராளமாக அடிக்கப்பட்டது, இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஒல்லாந்தத் துட்டுகளும் அப்படித்தான். முந்நூறு வருடப் பழைமை இருந்தும் ஒவ்வொன்றும் ஒரு நேரக் கறிக்கு மீன் வாங்கும் காசுக்கே போயின. பழையது எல்லாம் அரியதல்ல என்று விளங்கியது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. 2015 ஜனவரியில் அமெரிக்காவில் 1792ஆம் ஆண்டுச் செம்புச் சதம் ஒன்று 25 இலட்சத்து 85 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அது வெறும் பழைமைக்குக் கிடைத்த விலையல்ல. அந்நாட்டின் நாணயசாலை தொடங்கிய காலத்தில் மாதிரிக்காக அடித்த காசு அது. விரல் விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கிறது.

வேறொருவர் கொண்டு வந்திருந்த யானைக் காசு ஒன்று நம்முடையதற்கு முன்னால் வந்தது. அதே 12, அதே யானை. கபில நிறம் மாறாதது. அட்டைகள் உயர்ந்து கொண்டே போயின. பிறகு மாமியின் காசு. "துலக்கப்பட்டது" என்று கூறுபவர் வாசித்ததும் பாதி அட்டைகள் இறங்கி விட்டன. முந்தியதன் விலையில் நாலில் ஒரு பங்குக்குத் தட்டினார்கள். நான் தலையைக் குனிந்து கொண்டேன்.

என்றாலும் அந்தப் பகலில் ஒரு நல்ல காட்சியையும் கண்டேன். வாங்கியவர் என்னிடம் வந்து ஸலாம் சொன்னார். "நீங்கள் சொல்லியிருக்காவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொல்லி விட்டீர்கள். உங்கள் ஊரில் வேறு காசு கிடைத்தாலும் என்னிடம் கொண்டு வாருங்கள்" என்றார்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மாமியின் கேள்விக்கு வருவோம். ஒரு சதக் காசைப் பல ஆயிரம் ரூபாவுக்கு விற்பது வட்டியாகாதா? ஆகாது. ஹதீஸில் வட்டிப் பொருளாகப் பெயர் கூறப்பட்டவை ஆறு: தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீத்தம்பழம், உப்பு. செம்பு அதில் இல்லை. செம்புக் காசு புழக்கத்தில் இருக்கும்போது கூட அதற்குத் தங்கம் வெள்ளியின் சட்டம் வராது என்பதே நமது ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சரிகண்ட கருத்து. புழக்கத்தில் உள்ள காசு விடயத்தில் ஹனபி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செல்லாமல் போன காசோ வெறும் சரக்கு. இந்தச் சட்டத்தை நம் கையிலுள்ள நோட்டுகளுக்கு இழுத்து விடக் கூடாது. தங்க, வெள்ளி நாணயமானால் விலையை அதே இருப்பில் கைக்குக் கை தீர்த்து விட வேண்டும்.

ஏலமும் ஆகுமானதே. உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் விரிப்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் நபிகளார் (ஸல்) அவர்களே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இதைவிடக் கூட்டுபவர் யார் என்று கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்தார். ஒன்றில் வீட்டுக்கு உணவும், மற்றதில் கோடரியும் வாங்கச் செய்து, தம் கையாலேயே காம்பு போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நாம் சொல்லும் "ஏலம்" என்ற சொல்லே போர்த்துக்கேயர் வழியாக, அறிவித்தல் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் அறிஞர்.

ஆனால் வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றி விடுவதற்காக ஆளை நிறுத்திக் கேட்க வைப்பது "நஜ்ஷ்". அது ஹராம். பள்ளிவாசல் கோழிக்கும் இதே சட்டம்தான்!

சகோதரிகளுக்கு

உங்கள் வீட்டிலும் இப்படியொரு டின் இருக்கலாம். தயவுசெய்து புளியும் சாம்பலும் பல் துலக்கும் பற்பசையும் போட்டுத் தேய்த்து விடாதீர்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கடதாசியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஆண்டையும் எழுத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். ஒருவர் சொல்லும் விலையை நம்பாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். வாங்க வருபவர் உங்களுக்குப் பணம் தர வேண்டுமே தவிர, உங்களிடம் முற்பணம் கேட்கக் கூடாது. கேட்டால் வாசலைக் காட்டுங்கள். கிணறு தோண்டும்போதோ வயலிலோ பழங்காசு கிடைத்தால் அதை மறைத்து விற்க முனையாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது அறிவிக்கப்பட வேண்டியது. அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டை விட்டு அனுப்புவதும் குற்றம்.

ஊருக்குத் திரும்பி, பணத்தை மாமியின் கையில் எண்ணிக் கொடுத்தேன். கூரையில் பாதிக்கே காணும். யானைக் காசின் கதையை ஒளிக்காமல் சொல்லி, "என் வார்த்தையால் வந்த நட்டம் மாமி" என்றேன்.

மாமி சிரித்தார். "துலக்கின நான்தானே மகன். வளையல் கையில இரிக்கி. அது போதும்."

மனம் கேட்கவில்லை. கூரை வேலைக்கான கூலியை நான் பொறுப்பேற்றேன். மாரிக்கு முன் வேலை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஏலத்தில் எவரும் கேட்காத ஒரு காசைத் திருப்பிக் கொண்டு வந்திருந்தேன். நடுவில் துளை போட்ட ஒல்லாந்தத் துட்டு. துளை போட்டதால் அதற்கு விலையில்லை என்று விட்டார்கள். அதைக் கண்டதும் மாமி பறித்துக் கொண்டார். உம்மா அலுமாரித் திறப்பை அந்தத் துட்டோடு சேர்த்துக் கோத்து இடுப்பில் செருகியிருப்பாராம். "இத நான் தெரியாமத் தந்துட்டன்" என்று சொல்லி, முந்தானை நுனியில் முடிந்து கொண்டார்.

கொடுக்கல் வாங்கலில் வாய்மையையும், கையில் இருப்பதில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.